பெயர்ந்து போகும் அணிகள்

சாமை அறுவடை முடிந்திருந்த ஒரு நாள் பிற்பகலில், கொல்லிமலையின் எடப்புளி நாட்டிலே நமக்கு நெடுநாளாக அறிமுகமான ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலேறிய களைப்பு இன்னும் நீங்கவில்லை. திண்ணையில் அமர்ந்து கடுங்காப்பியை அருந்திக்கொண்டிருந்தபோது, வீட்டின் கீழ்ப்புறத்திலிருந்து பெருங்கூச்சல் ஒன்று எழுந்தது.

எட்டிப் பார்த்தோம். அறுத்து முடித்த சாமைக் காட்டில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். மலைச் சரிவைப் படிப்படியாக வெட்டித் திருத்திய காடு அது; நீளம் உண்டு, அகலம் இல்லை. ஆகவே அவ்விடத்திற்கென்றே சில விதிகளை அவர்கள் வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். பந்து கீழ்ப்படியில் விழுந்தால் இரண்டு ஓட்டம். அதற்கும் கீழே உள்ள காப்பித் தோட்டத்தில் விழுந்தால் அடித்தவர் ஆட்டமிழந்தார். பந்தைத் தேடி எடுத்து வர வேண்டியதும் அவரே. எண்ணிப் பார்த்தோம். இரு பக்கமும் சேர்த்து ஒன்பது பேர்தாம் இருந்தனர். "மற்றவர்கள் எங்கே?" என்று கேட்டோம். "திருப்பூரில் இருக்கிறார்கள் ஐயா, பனியன் கம்பெனியில்" என்று விடை வந்தது.

அந்த ஒன்பது பேரில் இருவர் விடுமுறைக்கு வந்திருந்த பெரிய பிள்ளைகள். ஒருவர் திருப்பூரில் வேலை பார்ப்பவர். 'திருப்பூர் தமிழன்ஸ்' என்னும் அணியின் பெயர் பொறித்த சட்டை அணிந்திருந்தார். மற்றவர் சேலத்தில் படிப்பவர்; 'சேலம் ஸ்பார்ட்டன்ஸ்' அணியே நமது அணி என்று வாதாடினார். 1997ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை கொல்லிமலை சேலம் மாவட்டத்தில்தானே இருந்தது என்பது அவருடைய நியாயம். வாதம் வலுத்தது. திண்ணையில் நம்மோடு அமர்ந்திருந்த வீட்டுப் பெரியவர் யாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்தத் திருப்பூர் அணி எப்போது உண்டானது?" என்று அவர் வினவினார்.

"முன்பு அது காரைக்குடி அணி, தாத்தா. இப்போது திருப்பூருக்கு வந்துவிட்டது."

"உன் சேலம்?"

"அந்த இடத்தில் முன்பு தூத்துக்குடி இருந்தது, தாத்தா."

பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் காரைக்குடிக்காரர்களும் தூத்துக்குடிக்காரர்களும் இப்போது யாருக்காகக் கை தட்டுகிறார்கள்?" என்று கேட்டார்.

பிள்ளைகளிடம் விடை இல்லை, நம்மிடமும் இல்லை. மலையிறங்கிய பின்னரும் அக்கேள்வி நம்மை விடவில்லை. அதனையே இம்மாதம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எட்டில் நான்கு

தமிழ்நாடு பிரீமியர் லீக் என்னும் கிரிக்கெட் தொடர் 2016ஆம் ஆண்டில் தொடங்கியது. சேப்பாக்கம், திண்டுக்கல், கோவை, மதுரை, காஞ்சி, காரைக்குடி, தூத்துக்குடி, திருவள்ளூர் என எட்டு ஊர்களின் பெயரால் எட்டு அணிகள் களமிறங்கின. மாநிலத் தலைநகரின் மைதானங்களிலேயே அடைபட்டிருந்த ஆட்டத்தில் இனி நம் ஊர்ப் பெயரும் ஒலிக்கும் என்று எண்ணி, மாவட்டங்களிலுள்ள இளைஞர்கள் மகிழ்ந்தார்கள். அம்மகிழ்ச்சி பொய்யன்று. முதல் ஆண்டிலேயே தூத்துக்குடி அணி இறுதியாட்டத்தில் சேப்பாக்கம் அணியை வென்று கோப்பையைக் கைப்பற்றியது. மறு ஆண்டும் அதே இரு அணிகளே இறுதியில் மோதின; அம்முறை சேப்பாக்கம் வென்றது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்முதல் ஆண்டின் ஆட்டங்கள் நடைபெற்ற இடங்கள் சென்னை, திண்டுக்கல்லை அடுத்த நத்தம், திருநெல்வேலி ஆகிய மூன்றே. கோப்பையை வென்ற அணி தூத்துக்குடியின் பெயரைச் சுமந்ததே அன்றித் தூத்துக்குடியில் ஆடவில்லை. துறைமுக நகரத்துச் சிறுவன் தன் அணியைக் கண்ணால் காண வேண்டுமானால், பேருந்தேறித் திருநெல்வேலிக்குச் செல்ல வேண்டியிருந்தது.

2021ஆம் ஆண்டுத் தொடரின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், தொடக்கத்திலிருந்த எட்டு ஊர்களில் நான்கு மட்டுமே எஞ்சியிருந்தன. காஞ்சியின் பெயரில் தொடங்கிய அணி திருச்சியின் பெயருக்கு மாறியிருந்தது. திருவள்ளூரின் பெயரில் தொடங்கியது சில காலம் காஞ்சியாகி, பின்னர் அவ்விடத்தில் நெல்லை வந்து அமர்ந்தது. காரைக்குடி திருப்பூராயிற்று. தூத்துக்குடியின் இடத்தைச் சேலம் பெற்றது. சேலம் பெயர் பெற்ற அந்த முதல் ஆண்டிலோ, கொரோனா நோய்த்தொற்றின் காரணமாக எல்லா ஆட்டங்களும் சென்னையிலேயே நடந்தன. மறு ஆண்டில்தான் சேலத்தை அடுத்த வாழப்பாடி மைதானத்திற்கு இத்தொடர் வந்தது.

இம்மாற்றங்களால் பயன் விளையவில்லை என்று நாம் கூறவில்லை. காரைக்குடிப் பெயரில் ஒருமுறையேனும் கோப்பை வெல்லாத அணி, 2025ஆம் ஆண்டில் திருப்பூர்ப் பெயரில் வென்றது. இறுதியாட்டத்தில் திண்டுக்கல் அணியை அது தோற்கடித்த இரவில், திருப்பூரின் பின்னலாடை ஆலைகளில் உழைக்கும் எத்தனையோ வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அந்நகரம் சற்றே சொந்த ஊராகியிருக்கும். எடப்புளி நாட்டு இளைஞர் அந்தச் சட்டையை அணிந்திருந்த பெருமிதத்தில் நாம் அதனைக் கண்டோம். புதிய ஊரின் மகிழ்ச்சியும் மெய்யே. பெரியவரின் கேள்வியோ பழைய ஊரைப் பற்றியது.

ஒரு நகரம் அழுத கதை

நமக்கு இது புதிது. அமெரிக்க மக்களுக்கோ இது பழைய துயரம். அங்கே நம் கிரிக்கெட்டைப் போன்று மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் பேஸ்பால் என்னும் ஆட்டம் உண்டு. அவ்வாட்டத்தின் தொழில்முறை அணிகள் தனியாருக்குச் சொந்தமானவை. உரிமையாளர் விரும்பி, சக உரிமையாளர்களும் இசைந்தால், அணியை வேறு நகரத்திற்குக் கொண்டு செல்லலாம். பார்வையாளர்களின் ஒப்புதலைக் கேட்க வேண்டியதில்லை.

நியூயார்க்கின் ஒரு பகுதியான புரூக்ளின் 1898 வரை தனி நகரமாக விளங்கியது. பெருநகரத்தோடு இணைந்த பின்னர் அம்மக்களுக்குத் தம்முடையதென்று சொல்லிக்கொள்ள எஞ்சியவற்றுள் முதன்மையானது 'டாட்ஜர்ஸ்' என்னும் பேஸ்பால் அணி. ஏழைத் தொழிலாளரும், பல நாடுகளிலிருந்து குடியேறியோரும் நிறைந்த பகுதி அது. 1947ஆம் ஆண்டில் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரரை அணியில் சேர்த்து, அந்நாளில் நிலவிய நிறத்தடையை உடைத்ததும் இவ்வணியே. இறுதிப் போட்டி வரை வந்து தோற்பது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. 1955இல் முதன்முறையாக உலகத் தொடரை வென்றபோது புரூக்ளின் தெருக்களில் திருவிழாக் கோலம்.

அதன்பின் இரண்டே ஆண்டுகள். அணியின் உரிமையாளர் வால்டர் ஓ'மாலி, 1913இல் திறக்கப்பட்ட எபெட்ஸ் ஃபீல்ட் மைதானம் பழுதடைந்து இடநெருக்கடிக்கு உள்ளாகிவிட்டது என்று கருதினார். புரூக்ளினிலேயே வேறோர் இடத்தில் புதிய மைதானம் கட்ட நிலம் வேண்டினார். நகரத்தின் கட்டுமானங்களில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த ராபர்ட் மோசஸ் அதற்கு இசையவில்லை. குவீன்ஸ் பகுதிக்குப் போகச் சொன்னார். புரூக்ளினை விட்டுத்தான் போக வேண்டுமென்றால் எங்கே போனால் என்ன என்று ஓ'மாலி எண்ணினார் போலும்! 1957 அக்டோபரில், நாட்டின் மறு கரையிலுள்ள லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திற்கு அணி செல்வதாக அறிவிப்பு வெளிவந்தது. நியூயார்க்கின் மற்றோர் அணியான 'ஜயண்ட்ஸ்' அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவிற்குப் புறப்பட்டது.

1957 செப்டம்பர் 24 அன்று எபெட்ஸ் ஃபீல்டில் நடந்த கடைசி ஆட்டத்தைக் காண வந்தவர்கள் 6,702 பேர் மட்டுமே. மறு ஆண்டு ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸில் அதே அணியின் முதல் ஆட்டத்தைக் காண 78,672 பேர் திரண்டனர். கணக்கு நூல் இவ்விரண்டு எண்களைத்தான் பார்க்கும். உரிமையாளர் செய்தது சரியே என்றும் சொல்லும். எபெட்ஸ் ஃபீல்ட் 1960இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன.

இக்கதைக்கு அதிகம் பேசப்படாத ஒரு மறுபக்கமும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் 1962இல் திறக்கப்பட்ட புதிய மைதானம் சாவேஸ் ரவைன் என்னும் குன்றுப் பகுதியில் அமைந்தது. அங்கே பள்ளியும் கோயிலும் தோட்டங்களுமாக மெக்சிகோ வழிவந்த எளிய குடும்பங்கள் மூன்று சிற்றூர்களில் வாழ்ந்திருந்தன. ஏழைகளுக்கு அரசு வீடு கட்டித் தரப்போவதாகச் சொல்லி 1950இல் அவர்களை வெளியேறச் சொன்னார்கள். அத்திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. நிலம் அணியின் கைக்குச் சென்றது. போக மறுத்து எஞ்சியிருந்த சில குடும்பங்களை 1959 மே மாதத்தில் காவலர் வலுவந்தமாகத் தூக்கி வெளியேற்றினர். ஓர் ஊர் தன் அணியை இழந்தது. அந்த அணிக்கு இடம் தரும் பொருட்டு வேறு சிலர் தம் ஊரையே இழந்தனர்.

இத்தகைய பெயர்ச்சி இன்றும் ஓயவில்லை. 'அத்லெட்டிக்ஸ்' என்னும் அணி 1901இல் பிலடெல்பியாவில் தொடங்கி, 1955இல் கன்சாஸ் சிட்டிக்கும் 1968இல் ஓக்லண்டிற்கும் இடம் மாறியது. ஓக்லண்ட் நகரம் 2019இல் தன் கூடைப்பந்து அணியைச் சான் பிரான்சிஸ்கோவிடமும், 2020இல் தன் கால்பந்து அணியை லாஸ் வேகாஸிடமும் பறிகொடுத்திருந்தது. எஞ்சியிருந்த பேஸ்பால் அணியும் போகப்போகிறது என்று தெரிந்ததும் மக்கள் வேறு வகையில் போராடினர். "பார்வையாளர் வருவதில்லை, ஆதலால் போகிறோம்" என்பதுதானே நிர்வாகத்தின் வாதம்? 2023 ஜூன் 13 அன்று, திட்டமிட்டு 27,000க்கும் மேற்பட்டோர் மைதானத்திற்கு வந்து அமர்ந்தனர். வராமலிருந்து எதிர்ப்பதே உலக வழக்கு. இவர்கள் வந்திருந்து எதிர்த்தார்கள். பயனில்லை. 2024 செப்டம்பர் 26 அன்று அங்கே கடைசி ஆட்டம் நடந்தது. லாஸ் வேகாஸில் மைதானம் ஆயத்தமாகும்வரை அவ்வணி சாக்ரமெண்டோ நகரை அடுத்த ஒரு சிறு மைதானத்தில் ஆடுவதென ஏற்பாடாயிற்று. அங்கே சென்றபோது அது எந்த ஊரின் பெயரையும் சூட்டிக்கொள்ளவில்லை. வெறும் 'அத்லெட்டிக்ஸ்' என்று மட்டுமே பெயர். ஊரில்லாத அணி! அடுத்த பயணத்திற்குக் காத்திருக்கும் இடத்தின் பெயரை எதற்குச் சட்டையில் தைப்பது என்று எண்ணினார்கள் போலும்.

நம் நாட்டுக் கால்பந்திலும் இக்காட்சி அரங்கேறிவிட்டது. டில்லியின் 'டைனமோஸ்' அணி 2019இல் ஒடிசாவிற்குச் சென்றது. அதே ஆண்டில் புனே அணியின் இடத்தில் ஹைதராபாத் அணி உருவாயிற்று. அந்த ஹைதராபாத் அணி ஒருமுறை பட்டமும் வென்று, 2025இல் டில்லிக்குப் பெயர்ந்தது.

ரயிலேறிச் சென்றவர்கள்

அணி போன இடத்திற்கு மக்களும் பின்தொடர்ந்த நிகழ்ச்சியைத் தமிழகம் கண்டிருக்கிறது. 2018ஆம் ஆண்டு வாசகர்களுக்கு நினைவிருக்கும். இரண்டாண்டுத் தடைக்குப் பின் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி சேப்பாக்கம் திரும்பியிருந்தது. காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரித் தமிழகமெங்கும் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த வேளை அது. உழவர் வாடும்போது கேளிக்கை எதற்கு என்று கேட்டவர் பலர். ஏப்ரல் 10 அன்று கொல்கத்தாவுடன் நடந்த ஆட்டத்தில் மைதானத்திற்குள் காலணிகள் வீசப்பட்டன. பாதுகாப்புக் கருதி, எஞ்சியிருந்த ஆறு உள்ளூர் ஆட்டங்களும் புனேவிற்கு மாற்றப்பட்டன.

அடுத்த சில நாட்களில் சென்னையிலிருந்து புனேவிற்குச் சிறப்பு ரயில் ஒன்று புறப்பட்டது. 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று பெயரிடப்பட்ட அதில் ஏறத்தாழ ஆயிரம் பேர் மஞ்சள் சட்டையணிந்து பயணமாயினர். ஏப்ரல் 20 அன்று அந்நிய நகரத்து மைதானத்தில் அமர்ந்து, தம் அணி ராஜஸ்தானை வென்றதைக் கண்டனர். அவ்வாண்டுக் கோப்பையும் சென்னைக்கே கிடைத்தது. மறு ஆண்டு அணி சேப்பாக்கம் திரும்பியது.

உழவரின் நியாயத்தையும், அந்த ஆயிரம் பேரின் அன்பையும் நாம் ஒருசேர மதிக்கிறோம். ஒன்றை மற்றொன்றால் அடித்து வீழ்த்த வேண்டியதில்லை. இங்கே நாம் குறிக்க விரும்புவது இதுவே: அணி புனேவிற்குச் சென்றபோது பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. திரும்பி வருவோம் என்னும் எண்ணத்தோடு சென்றது. ஆகவேதான் மக்களும் பின்சென்றனர். காரைக்குடியிலிருந்து திருப்பூருக்கு அத்தகைய ரயில் எதுவும் புறப்பட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

காஞ்சியிலிருந்து வந்தவர்கள்

இச்செய்திகளுள் சிலவற்றை அன்றே திண்ணையில் பெரியவருக்கு எடுத்துரைத்தோம். புன்முறுவல் பூத்தவாறு அவர் தம் முன்னோர் கதையைக் கூறினார்.

கொல்லிமலை வாழ் மலையாளி மக்கள் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகக் கூறி வருகின்றனர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய பெருநூலிலும் இம்மரபு பதிவாகியிருக்கிறது. அவர்கள் வழிபடும் கரிராமன் என்னும் தெய்வத்திற்குக் காஞ்சியில் இருப்புக் கொள்ளவில்லையாம். தெய்வம் புறப்பட்டது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் தத்தம் குடும்பங்களோடு அதனைப் பின்தொடர்ந்து சேலத்துச் சீமைக்கு வந்தனர். இங்கே வழிகள் பிரிந்தன. ஆளுக்கொரு மலைப்பக்கம் சென்றார்கள்.

"அந்தக் காலத்தில் எங்கள் சாமி ஊர் மாறியது ஐயா. நாங்கள் கூடவே வந்துவிட்டோம். இவர்களுடைய அணி ஊர் மாறினால், பாவம், யார் கூடப் போவது? வீட்டையும் காட்டையும் விட்டுவிட்டா போக முடியும்?" என்றார் பெரியவர்.

சிரித்துக்கொண்டே சொன்னார், நமக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ஏனெனில் அக்காலத்து மரபுக் கதையில் தெய்வமும் மக்களும் சேர்ந்தே நடந்தார்கள். எத்தனையோ தலைமுறைகள் கடந்தும், காஞ்சி என்னும் ஊர்ப்பெயரை அவர்கள் மறக்கவில்லை. தமிழிலே ஊருக்கும் ஆளுக்கும் உள்ள 'பெயர்' என்பதும், இடம் விட்டு நகர்தலாகிய 'பெயர்தல்' என்பதும் ஒரே ஒலி உடையவை. இடம் பெயரலாம், பெயரையும் கழற்றி எறிந்துவிட்டுப் பெயர்வது மற்றொன்று.

அணி யாருக்கு உரியது?

சட்டத்தின்படி பார்த்தால் ஐயமில்லை. உரிமம் பெற்றுப் பணம் முதலீடு செய்தவருக்கே அணி உரியது. நட்டம் வந்தால் அதைத் தாங்குபவரும் அவரே. மைதானம் இல்லாத ஊரில், ஆதரவாளர் கிட்டாத ஊரில், ஆண்டுதோறும் பணத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும்படி ஒருவரை வற்புறுத்த நமக்கு உரிமை இல்லை. ஓ'மாலியைப் பழிப்பவர்கள், நிலம் தர மறுத்தவர்களையும் சேர்த்தே பழிக்க வேண்டும். இதை நாம் நடுநிலையோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் உரிமையாளர் தம் பணத்தால் வாங்காத பொருள் ஒன்று அணியில் இருக்கிறது. அதுவே ஊரின் பெயர். காரைக்குடி என்னும் சொல்லுக்கு அவர் விலை கொடுக்கவில்லை. அச்சொல்லின்பால் ஒரு சிறுவன் கொண்ட பற்றுக்கும் விலை கொடுக்கவில்லை. அவ்விரண்டையும் இரவலாகவே பெற்றார். அவற்றைக் கொண்டுதான் தொலைக்காட்சியில் ஆட்களைச் சேர்த்தார், விளம்பரதாரர்களை அழைத்தார். இரவல் வாங்கிய பொருளைத் திருப்பித் தரும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தருவது நம் வீட்டு வழக்கம் அன்றோ? அண்டை வீட்டில் வாங்கிய முறத்தைத் திருப்பிக் கொடுக்கையில்கூட அதனை வெறுமையாகக் கொடுக்க நம் தாய்மார் தயங்குவர்.

வேறு வழியும் உலகில் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்னும் சிறு நகரம் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு இலட்சம். அந்நாட்டு முறைக் கால்பந்தின் முதல்தர அணிகளுள் ஒன்றான 'பேக்கர்ஸ்' அங்கேதான் நிலைபெற்றிருக்கிறது. 1923ஆம் ஆண்டிலேயே அதன் பங்குகள் மக்களுக்கு விற்கப்பட்டன. 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்று பங்குதாரர். பங்கிற்கு ஆதாயம் கிடைக்காது. இலாபத்திற்கு விற்கவும் இயலாது. சுவரில் மாட்டி வைக்க ஒரு பத்திரம் கிடைக்கும். ஆண்டுக் கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமை கிடைக்கும். ஆதாயம் கருதாதவர்கள் உரிமையாளராக இருப்பதால், பெருநகரங்களின் ஆசைவார்த்தைகள் அந்த அணியை அசைக்கவில்லை.

எல்லா ஊரும் கிரீன் பே ஆகிவிடாது என்பதை அறிவோம். எனினும் போவதற்கு முன் கேட்பது எவருக்கும் இயலக்கூடியது. கடைசியாக ஓர் ஆட்டத்தை அவ்வூரில் நடத்தி விடைபெறுவதும், வென்ற கோப்பையொன்றை அவ்வூர்ப் பள்ளியிலோ மன்றத்திலோ விட்டுச் செல்வதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

பொங்கல் ஆட்டம்

இவ்வளவையும் நாம் பெரிய மனிதர்களுக்கு அறிவுரையாகச் சொல்லிவிட்டு நிறுத்திவிடலாம். அன்று எடப்புளி நாட்டில் நேர்ந்த மற்றொன்று அவ்வாறு நிறுத்தவிடாமல் தடுக்கிறது.

அவ்வூர்ப் பிள்ளைகள் ஆண்டுதோறும் பொங்கலையொட்டி ஓர் ஆட்டம் ஆடுவது வழக்கம். திருப்பூரிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வேலைக்குப் போனவர்கள் வந்து சேர, அந்த ஒரு நாள் மட்டும் இரு பக்கமும் பதினொருவர் நிறைவர். இவ்வாண்டு, விடுமுறைக்கு வந்திருந்த திருப்பூர் இளைஞர் ஒரு யோசனை கூறினார். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இப்போது திருப்பூரில்தான் இருக்கிறார்கள். விடுமுறை குறைவு, பேருந்தில் நெருக்கடி, மலைக்கு வந்து திரும்பவே இரண்டு நாட்கள் கழிகின்றன. அங்கேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடிவிடலாம். நல்ல சமதரையும் கிடைக்கும். பெயர் மட்டும் எடப்புளி நாட்டின் பெயராகவே இருக்கும். சட்டையிலும் அதையே பொறித்துக்கொள்வோம் என்றார்.

யோசனை தகாதது என்று எவரும் சொல்ல இயலாது. வயிற்றுப் பிழைப்புக்காகப் போன பிள்ளைகள் அவர்கள். போன இடத்திலும் ஊர்ப் பெயரை முதுகில் எழுதிக்கொள்ள விரும்புகிறார்கள். நாம் மேலே சொன்ன பணக்கார அணிகள் செய்யாததை இவர்கள் செய்கிறார்கள். சேலத்தில் படிப்பவரும் இசைந்தார்; இன்னும் இருவர் தலையசைத்தனர்.

அப்போது, காப்பித் தோட்டத்திலிருந்து பந்தைத் தேடியெடுத்து வந்த சிறுவன் ஒருவன், பத்து வயதிருக்கும், மூச்சிரைக்க நின்று கேட்டான்: "அண்ணா, நான் எப்படித் திருப்பூருக்கு வருவது?"

பெரியவர் நம்மைப் பார்த்தார். காரைக்குடிக்காரர்கள் யாருக்காகக் கை தட்டுகிறார்கள் என்று அவர் கேட்ட கேள்வியே சிறுவன் உருவில் எதிரே வந்து நின்றது. ஆண்டு முழுவதும் பந்தைப் பொறுக்கிக் கொடுத்து, பொங்கல் நாளில் பெரியவர்களோடு ஒரு முறையேனும் மட்டை பிடிக்கலாம் என்று காத்திருப்பவன் அவன். போகிறவர்கள் தம் பெயரைக் கொண்டுபோகலாம். அந்தச் சிறுவனைக் கொண்டுபோக முடியாது.

திருப்பூர் இளைஞர் நல்ல மனம் படைத்தவர். சற்று நேரம் தலைகுனிந்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துத் திருப்பூரிலுள்ள தோழர்களை அழைத்தார். "இங்கே இருக்கிறவர்களையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்" என்று அவர் கூறியது நம் செவியில் விழுந்தது. முடிவு என்னவாயிற்று என்பதை இதனை எழுதும்வரை நாம் அறியோம். மலையில் ஆடினாலும் திருப்பூரில் ஆடினாலும் குறை காண மாட்டோம். கேட்டார்களே, அது போதும்.

அன்பார்ந்த வாசகர்களே, நம் இல்லங்களிலும் இத்தகைய பெயர்ச்சிகள் நேர்கின்றன. மகன் நகரத்தில் வீடு கட்டுகிறான். மகள் வெளிநாடு செல்கிறாள். பெற்றோர் பழைய வீட்டில் தங்கிவிடுகிறார்கள். ஆண்டுவிழாவையும் பிறந்தநாளையும் எல்லோருக்கும் வசதியான இடத்திற்கு மாற்றிக்கொள்கிறோம். அந்த 'எல்லோர்' என்னும் கணக்கில், வர இயலாத ஒருவரை எண்ணாமல் விட்டுவிடுகிறோமா என்பதைச் சற்றே நின்று பார்ப்போம். புறப்படுவது குற்றமன்று. புறப்படுமுன் திண்ணையில் இருப்பவரையும், பந்து பொறுக்கும் பிள்ளையையும் ஒரு சொல் கேட்போம்.